கையொப்பம் மட்டும் போதுமா?

"ஓவியரின் பெயர் இருக்கிறது, தாளும் பழையது, வேறென்ன சான்று வேண்டும்?" என்பர், பழைய ஆங்கிலேய இயற்கைக் காட்சி நீர்வண்ண ஓவியங்களைச் சேர்ப்போருள் சிலர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

1794 முதல் 'வாட்மன்' போன்ற ஆங்கிலத் தாள்களில், ஒளிக்கெதிரே பிடித்தால் ஆலையின் பெயரோடு ஆண்டும் தெரிவதுண்டு. ஓவியம் அவ்வாண்டுக்கு முற்பட்டதன்று என்பதையே அக்குறி காட்டும். தீட்டிய கை யாருடையது என்று கூறாது. பழைய தாளில் நேற்றைய கையும் தீட்டலாமே!

1790களில் லண்டனில், மருத்துவர் மன்ரோவின் இல்லத்தில், கர்ட்டின் கோடு வரைய டர்னர் வண்ணம் தீட்டினார். இருவர் கை கலந்த தாளுக்கு ஒருவர் பெயரை மட்டும் சூட்டுவது முறையா? 1976இல் சாமுவேல் பாமர் பெயரில் உலவிய 13 ஓவியங்கள் ஐயத்துக்குள்ளாயின. பாமர் பாணியில் போலிகளைப் புனைந்தவர் தாமே என டாம் கீட்டிங் அவ்வாண்டே ஒப்புக்கொண்டார். அறிஞர் கண்களும் அதுவரை ஏமாந்திருந்தன.

நபிமொழியை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக ஆய்ந்தனர் ஹதீஸ் கலை வல்லுநர். வாசகத்தையும் தனியே ஆய்ந்தனர். ஓவியத்தை மார்க்க ஆதாரத்தோடு ஒப்பிடுகிறோமல்லோம்; ஆராயும் நெறியையே சுட்டுகிறோம். இவ்வோவியம் யாரிடமிருந்து யாரிடம் வந்தது? எந்த ஏலப் பட்டியலில் இடம்பெற்றது? தொடர் அறுந்திருப்பின், 'ஐயத்துக்குரியது' என எழுதி விற்பதே அமானிதம். விலை குறையுமென்று அதனை மறைப்பது வாணிபமன்று, வஞ்சகமே.