கிராமத்தில் எடுத்த கணக்கும் கணக்குத்தான்

ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு செய்யும் ஆய்வு நல்ல தொண்டு, ஆனால் அறிவியலில் சேராது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். அவர்களுடைய வாதங்களை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் வைத்து உரசிப் பார்க்கலாம்.

முதல் வாதம், தரவு நம்பத் தக்கதல்ல என்பது. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு வந்து கட்சிரோலியில் 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க ஊர்ப் பெண்களைப் பழக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு 47 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். 39 கிராமங்களில், பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 என்றிருந்தது, மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய 25 ஆனது. மற்ற கிராமங்களில் 60ஐ ஒட்டியே நின்றது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கணக்கே கிடைத்திருக்காது. வீட்டில் பிறந்து, பெயர்கூட வைக்காமல் வீட்டிலேயே இறந்துபோன குழந்தை எந்தப் பதிவேட்டில் இருக்கும்? அது அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

அதிகம் படிக்காதவரிடம் நோயறியும் வேலையைக் கொடுப்பது ஆபத்து என்பது இரண்டாவது வாதம். குழந்தைக்கு நிமோனியா என்றால் மூச்சு வேகமாகும், எண்ணினால் தெரிந்துவிடும். ஆனால் எண்ண வேண்டிய ஊர் மருத்துவச்சிகள் பலருக்குப் பெரிய எண்கள் பழக்கமில்லை. அதற்காகப் பங் தம்பதி ஒரு சின்னக் கருவி செய்தார்கள்: ஒரு பலகை, ஒரு நிமிட மணல் கடிகாரம், கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் இறங்கி முடிவதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். படிக்காதவர் என்று ஒதுக்குவதை விட்டுவிட்டு, அவர் கைக்குப் பொருந்தும் கருவியை யோசித்ததுதான் இதிலுள்ள விஞ்ஞானம். பச்சிளங்குழந்தைத் திட்டத்தில் ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்த பெண்கள், கிருமித்தொற்று கண்ட குழந்தைகளுக்கு ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள். தொற்று கண்டவர்களில் இறப்பு 16.6 சதவீதத்திலிருந்து 2.8க்கு இறங்கியது.

அடுத்தது, முதலில் வருமானம் வரட்டும், உடல்நலம் பின்னால் தானாக வரும் என்பது. அந்த வருமானம் எவ்வளவு என்று முடிவு செய்வதே ஓர் ஆய்வுதானே! கட்சிரோலிக்கு வருமுன்பே அபய் பங், மகாராஷ்டிரத்தின் விவசாயக் கூலியைத் தோண்டிப் பார்த்தார். நாளுக்கு 4 ரூபாய் என்று பரிந்துரைத்த அரசுக் குழு, உழைப்பவரின் கலோரித் தேவையைக் குறைத்துக் கணக்கிட்டிருந்ததை எடுத்துக்காட்டினார். கூலி பின்னர் 12 ரூபாய் ஆயிற்று. வயிற்றுக்குத் தேவையானதை மருத்துவர் அளந்ததால் கூலி உயர்ந்த கதை இது. எது முந்தி, எது பிந்தி என்று பிரித்துப் பேசுவோர் இதை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

விமர்சகர்கள் சொல்வதில் ஒன்று மெய். ஊரைக் கேட்காமல் செய்யும் ஆய்வு ஊரில் ஒட்டாது. பங் தம்பதியே தொடக்கத்தில் அரிவாள் செல் நோயைப் பற்றி ஆய்வு செய்தார்கள். ஊர் மக்களுக்கு அது அவசரமாகப் படவில்லை. அதை மறைக்காமல் சொன்னதோடு, மக்களின் தேவையைக் கேட்டே அடுத்த வேலைகளை எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி வாதம், ஓரிடத்தில் நடந்தது வேறெங்கும் நடக்காது என்பது. வங்கதேசத்தின் சில்ஹெட்டில் இதே வழியிலான வீட்டுப் பராமரிப்பைச் சோதித்தபோது பச்சிளங்குழந்தை இறப்பு 34 சதவீதம் குறைந்தது. 2008இல் அந்த முடிவும் 'லான்செட்'டில் வந்தது. கட்சிரோலி அளவுக்கு வரவில்லை, உண்மைதான். 34 சதவீதமும் சின்ன எண் அல்ல. 2011இல் இந்திய அரசே இம்முறையை ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் நாடெங்கும் கொண்டுபோனது. ஆனால் ஊசி மருந்தை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. ஒரு குழந்தையை ஆறேழு முறை வீடு தேடிப்போய்ப் பார்ப்பதற்கு நிர்ணயித்த ஊக்கத்தொகை 250 ரூபாய். மருந்தையும் கூலியையும் இப்படிக் குறைத்துக்கொண்டு, பலன் குறைந்தால் ஏன் என்று கட்சிரோலியைக் கேட்பதில் நியாயமில்லை.