இரண்டு கந்தோருக்கும் நடுவில் காணாமல் போகும் வயல்



யாரையும் பெயர் சொல்லிக் குத்த இதை எழுதவில்லை. பெயர் சொல்லத் தொடங்கினால் நமது பெயர்களும் அதில் வரும்.

மெயின் வீதியோரம் வயலாகக் கிடந்த இடத்தில் இன்று எத்தனை கல்யாண ஹோல்? எத்தனை ஹாட்வெயார்? சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் முடியாது.

நடப்பது என்ன? நீண்ட லீவு வரும். இரவில் டிப்பர் ஓடும். கந்தோர் திறக்கும்போது வயல் கிரவல் தரையாகியிருக்கும். முதலில் தகரக் கொட்டில், பிறகு கரண்ட், பிறகு தூண், பிறகு ஏசி. கமநல சேவை நிலையத்தில் கேட்டால், "நாங்க நோட்டீஸ் குடுத்தம், கட்டடத்துக்கு அனுமதி குடுத்தது சபை" என்கிறார்கள். சபையில் கேட்டால், "கமநலத்தால ஆட்சேபனை வரல்ல" என்கிறார்கள். இரண்டு கந்தோருக்கும் நடுவில் வயல் போய்விட்டது.

"அவரவர் காணி, அவரவர் விருப்பம்" என்று சொல்பவர்களுக்கு: காணி உங்களுடையது, வாய்க்கால் ஊருடையது. ஒருவர் நாலடி உயர்த்தினால் பக்கத்து வயலுக்கு வடிச்சல் இல்லை. இரண்டு போகம் அழிந்தால் அவரும் விற்பார். மாரியில் வயலில் நிற்க வேண்டிய தண்ணீர் நமது வளவுக்குள் வரும். மழை அல்லாஹ்வின் ஏற்பாடு. வடிச்சலை அடைத்தது நாம்.

விவசாயி நட்டத்தில்தான் விற்கிறார் என்பதும் உண்மை. அதற்கு மருந்து நெல்லுக்கு நியாய விலை, கிரவல் அல்ல. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு விளைச்சல் விழுந்து அரிசி விலை ஏறியதை அதற்குள் மறந்துவிட்டோமா?

அதே ஹோலில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நாம்தான். ஆசிரியர்களான நாங்களும்தான். பகலில் நெற்செய்கை படிப்பித்துவிட்டு, இரவில் நிரப்பிய வயலில் வலீமா சாப்பிட்டோம்.

ஆகவே கேட்கிறோம்:

கமநல அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்தக் கட்டட வரைபடத்தையும் சபை ஏற்கக் கூடாது. அனுமதி இருந்தால் அதன் இலக்கத்தை வேலை நடக்கும் இடத்தில் பலகையில் எழுதிப் போடட்டும். லீவு நாளில் மண் ஏற்றினால் முறையிட ஒரு தொலைபேசி இலக்கமும், வந்து பார்க்க ஒரு உத்தியோகத்தரும் வேண்டும்.

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி அந்தக் கடிதங்களின் பிரதியை எந்தப் பிரஜையும் கேட்கலாம். இந்த மாதமே விண்ணப்பிப்போம். பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அனுமதி காட்டாத மண்டபத்துக்கு நிக்காஹ் செய்துவைக்கப் போகாதீர்கள்.

வயல் நமக்கு வாப்பா, மூத்தாப்பா விட்டுச்சென்ற அமானிதம். பிள்ளைகளிடம் கிரவலையா ஒப்படைக்கப் போகிறோம்?

வஸ்ஸலாம்.