பாட்டும் காதலும்

காதற் பாட்டொன்றைக் கேட்டவுடன், ‘இஃது எவரை நினைந்து பாடியதோ?’ என வினவுதல் மக்கள் இயல்பு. இசைப்புலவர்தம் வரலாறு எழுதுவோருள்ளும் பலர் இவ்வினாவையே முதற்கண் எழுப்புகின்றனர். பாட்டின் நயம் உணர்தற்கு இவ்வினா எத்துணை உதவும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மேனாட்டார் இத்துறையில் மிக்க ஆர்வமுடையர். ஜெர்மானிய இசைப்புலவராகிய ராபர்ட் ஷூமன், தம் ஆசிரியரின் மகள் கிளாராவைக் காதலித்தார். தந்தையார் உடன்படாமையின் வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1840-ஆம் ஆண்டில் திருமணம் நிறைவேறியது; அவ்வோராண்டிலேயே ஷூமன் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். பிரெஞ்சுப் புலவராகிய பெர்லியோஸ், 1827-இல் பாரிஸ் நகரத்து நாடக மேடையில் ஹாரியட் ஸ்மித்சன் என்னும் நடிகையைக் கண்டு நெஞ்சு பறிகொடுத்தார். அவ்வேட்கையே 1830-இல் அரங்கேறிய அவருடைய பெயர்பெற்ற சிம்பொனிக்கு வித்தாயிற்று. 1833-இல் இருவரும் மணந்தனர், பின்னர்ப் பிரிந்தனர். இல்லறம் முறிந்தது, இசையோ இன்றும் நிற்கின்றது. காதலின் தோல்வி பாட்டின் தோல்வி ஆகாது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

நம் நாட்டிலும் இத்தகைய செய்திகள் உள. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை விஜயராகவ நாயக்கர் அவையில் சிறப்புற்ற க்ஷேத்ரக்ஞர், தம் இளமையில் ஆடல்மகள் ஒருத்திபாற் கொண்ட காதலே அவர்தம் பதங்கட்குத் தோற்றுவாய் எனக் கதை வழங்குகிறது. தருமபுரி சுப்பராயர் வீணை தனம்மாளிடத்துப் பேரன்பு பூண்டிருந்தார் என்றும், அவர்தம் ஜாவளிகளுட் சில அவ்வன்பின் விளைவே என்றும் இசையுலகினர் வழிவழியாகக் கூறுவர். இவை மெய்யாகவே இருப்பினும், பாட்டின் பெருமைக்கு இவைதாமோ காரணம்? எங்கள் மூலனூர் விற்பனைக்கூடத்திற்கு வரும் பருத்தி மூட்டையை எத்துணை நேரம் உற்று நோக்கினும், நெய்த ஆடையின் அழகு அதனுட் புலப்படாது. பஞ்சின்றி ஆடையில்லை, ஆயினும் ஆடையாக்கியது நூற்பவர், நெய்பவர் திறமன்றோ?

இவ்வுண்மையைத் தமிழ்ச் சான்றோர் முன்னரே தெளிந்திருந்தனர். அன்பின் ஐந்திணைப் பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. நெடுநல்வாடை முழுதும் பிரிவாற்றாமையே பேசுகின்றது. ஆயினும் பாண்டியர்க்குரிய வேம்பு அதன்கண் இடம் பெற்றமையால் தலைவன் இன்னான் என வெளிப்பட்டதாகக் கொண்டு, அதனைப் புறமென்றே வகுத்தார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளப்பூ போந்தது, அகம் புறமாயிற்று! பெயர் சுட்டப்பட்ட காதல் ஒருவர்க்கே உரியது. பெயரற்ற காதலோ கேட்பார் அனைவர்க்கும் உரியது. ஆடவராகிய க்ஷேத்ரக்ஞர் பெரும்பாலும் தலைவி கூற்றாகவே பாடினமையும் இக்கருத்திற்கு அரண் செய்யும். அவர் தம் வரலாற்றை அன்று, நம் அனைவரது நெஞ்சத்தையே பாடினார்.

காதற் சுவை மிக்க பாட்டைச் சமய வாழ்வினர் ஒதுக்க வேண்டும் என்பாரும் உளர். அவர்கள் விவிலியத்து உன்னதப்பாட்டை மறந்தனர் போலும்! தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி இயற்றியபோது, உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதலால் வாடும் பழைய நாடக முறையையே மேற்கொண்டார். தலைவனாகக் கிறிஸ்து பெருமானை அமைத்தார். காதலின் மொழி ஒருவர் வாழ்க்கைக்குள் அடங்காமையாலன்றோ இறையன்பையும் தாங்கவல்லதாயிற்று?

அங்ஙனமாயின் பாட்டோடு தொடர்புடைய மகளிர் பெயரையெல்லாம் மறைத்துவிடலாமோ எனின், கூடாது என்பதே எம் கருத்து. காதலிக்கப் பெயர் வேண்டா. கலைக்குப் பெயர் வேண்டும். கிளாரா சிறந்த பியானோக் கலைஞர். ஷூமன் 1856-இல் மறைந்த பின் நாற்பதாண்டுகள் வாழ்ந்து, கணவர்தம் இசையை அரங்குதோறும் வாசித்துப் பரப்பியவர் அவர். தனம்மாளோ (1867-1938) எவர் பாட்டிற்கும் பொருளாக வேண்டாப் பெருங்கலைஞர். சென்னையில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நிகழ்ந்த வீணையிசையைக் கேட்க இசைவாணரே காத்திருந்தனர். பதங்களும் ஜாவளிகளும் நமக்கு எட்டியது அவராலும், பேத்தியர் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோராலுமே. தேவதாசி மரபைச் சட்டம் 1947-இல் தடுத்தது. அது வேண்டிய சீர்திருத்தமே. ஆயின் அம்மரபினரை இகழ்ந்த உலகம், அவர் காத்த பாட்டை மட்டும் ஏற்றுக்கொண்டது. காத்தவரை ‘இன்னாரின் காதலி’ என்னும் ஒரு சொல்லில் அடக்குதல், பெற்ற பொருளுக்கு நன்றி கூறாமையை ஒக்கும்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! இனி ஒரு பதத்தையோ ஜாவளியையோ கேட்கும்போது, ‘இஃது எவர்பொருட்டு எழுந்தது?’ என வினவுவதை விடுத்து, ‘இதனை எவர் பாடிக் காத்தார்?’ என வினவுவோமாக. முதல் வினாவிற்கு விடையாவது பெரும்பாலும் கதை. இரண்டாவதற்கு விடையாவது வரலாறு.