துச்சிலும் புக்கிலும்

மனிதனுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்பர். முன்னவை இரண்டும் நாள்தோறும் தேடிப் பெறுவன. உறையுளோ வாழ்நாளில் ஒருமுறையேனும் நின்று நிதானித்து முடிவெடுக்க வேண்டிய ஒன்று. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் இரு சொற்களை எதிரெதிராக நிறுத்துகின்றார். ஒன்று துச்சில், பிறர் இடத்தில் ஒதுங்கியிருக்கும் இருப்பு. மற்றொன்று புக்கில்; புகுந்தபின் வெளியேற வேண்டாத நிலைத்த இல்லம். உடம்பில் உயிர் தங்குவதைக் குறித்தே அவர் அவ்வாறு கூறினார். எனினும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நடுத்தரக் குடும்பத்தார்க்கு அச்சொற்கள் நேர்ப்பொருளிலேயே விளங்கும். வாடகைக்கு இருப்பதா, கடன்பட்டேனும் வாங்குவதா என்பது அவர்தம் இல்லந்தோறும் எழும் வினா.

வடசென்னைக்கு மக்கள் வேலை தேடி வந்தனர். துறைமுகமும், 1856இல் திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையமும் அவர்களை முதலில் ஈர்த்தன. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தோன்றியது எம்.ஆர்.எஃப்.; பின்னர் அங்கு என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்தது; எண்ணூரில் அசோக் லேலண்டு வளர்ந்தது. அன்று தொழிலாளிக்கு வாடகை வீடே இயல்பு. நிறுவனக் குடியிருப்புக் கிடைத்தவர் பேறு பெற்றவர். ஆயின் ஓய்வு பெறும்போது வீட்டுச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை முன்னரே எண்ணியவர் குறைவு. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆலைக்கும் ஆயுள் உண்டு. ஆலையை நம்பிய வீட்டிற்கும் ஆயுள் உண்டு. எனவே 'காணி நிலமேனும் வாங்கு' என்று மூத்தோர் வற்புறுத்துவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ரூ.50 இலட்சம் விலையுள்ள அடுக்கக வீடொன்று ரூ.12,000 மாத வாடகைக்கும் கிடைக்கிறது எனக் கொள்வோம். ரூ.40 இலட்சத்தை 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.34,700. திருப்பிச் செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ ரூ.83 இலட்சம், அதாவது வட்டி மட்டும் ரூ.43 இலட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆக ரூ.4.5 இலட்சம் தனி. வாடகையோ ஆண்டிற்கு ரூ.1,44,000, வீட்டு விலையில் 3 விழுக்காட்டிற்கும் குறைவு. வாடகை ஆண்டுதோறும் ஏறும் என்பது உண்மை. 2021இல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டதால் போக்குவரத்து எளிதாகி, இப்பகுதியின் மதிப்பு உயர்ந்ததும் உண்மை. ஆயினும் அடுக்ககத்தில் நமக்குக் கிட்டுவது நிலத்தில் ஒரு பிரிபடாப் பங்கே. விலை ஏறுவது நிலம். கட்டடம் ஆண்டுதோறும் தேயும். அதிலும் உப்புக்காற்று வீசும் கரையில் விரைந்து தேயும்.

கணக்கு வாடகையின் பக்கம் நிற்க, மனம் ஏன் சொந்த வீட்டின் பக்கம் சாய்கிறது? அச்சமே காரணம். என் இளமையில் நாங்கள் இராயபுரத்திற்குள்ளேயே ஐந்து வீடுகள் மாறினோம். எந்தச் சுவரிலும் ஆணி அடிக்க என் தாயார் விட்டதில்லை. கஅபாவின் படம்கூட அலமாரியின் மேல்தான் சாய்ந்திருந்தது. பின்னாளில் நானே வீடு தேடியபோது, தொலைபேசியில் வாடகையும் முன்பணமும் பேசி முடித்தபின் பெயரைக் கேட்பார்கள். மறுநாள் அவ்வீடு 'உறவினருக்கு' வேண்டியதாகிவிடும். இவ்வாறு இருமுறை திரும்பியவன் கடன் வாங்கியாவது சொந்தக் கூரை வேண்டும் என்று எண்ணுவது இயற்கையே.

அங்கேதான் மற்றொரு வினா குறுக்கிடுகின்றது. வட்டியை இஸ்லாம் விலக்கியுள்ளது. 1999இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம், அந்நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் வேறு வழியின்றிக் குடியிருக்கும் வீட்டிற்காகக் கடன் பெறுவதைத் தேவை கருதி அனுமதித்தது; அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. நம்மவர் பலர் வங்கிக் கடனைத் தவிர்த்துப் போக்கியத்தை நாடுகின்றனர். பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, வாடகையின்றி இருந்து, காலி செய்கையில் முழுத் தொகையையும் திரும்பப் பெறுகின்றனர். கடன் கொடுத்தவர் அக்கடனால் பயன் துய்ப்பதும் வட்டியே என ஆலிம்கள் பலர் கூறுவதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அன்றியும், வீட்டுக்காரர் தொகையைத் திருப்ப இயலாதபோது வாழ்நாள் சேமிப்பே சிக்கிக்கொள்ளும். தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. அச்சத்தால் எடுக்கும் முடிவு மற்றோர் இக்கட்டில் தள்ளலாகாது என்பதே என் கருத்து.

வாங்கிய வீடாவது நிலைத்த புக்கிலா? சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது; இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே அமோனியா கசிந்தபோது சொந்த வீட்டாரும் வாடகை வீட்டாரும் ஒன்றாகவே தெருவில் ஓடினர். இன்னும் சில இடங்களில் சுவர் நமது, அடிமனை பிறரது. பிறர் நிலத்தில் வீடு கட்டியோரைக் காக்க 1921ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. எனினும் சமய நிறுவனங்களின் நிலங்கள் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதனின்று விலக்கப்பட்டன. ஆகவே தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுப்பது பேதைமை.

எனவே, என் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: வேலை கிடைத்தவுடன் வீட்டுக் கடனில் விழாதீர்கள். வாடகை இழிவன்று. 2019 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்றுப் பதிவு செய்யுங்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சேமியுங்கள். ஆவணம் தெளிந்த, உங்கள் வருவாய்க்கு அடங்கிய சிறு வீடு அமையும் நாளில் வாங்குங்கள்.

வீட்டு உரிமையாளர்களாகிய நம்மவர்க்கும் ஒரு வேண்டுகோள். நாம் வெளியே எதிர்பார்க்கும் நியாயத்தை நம் வீட்டில் குடியிருப்போர்க்கும், அவர் எச்சமயத்தவராயினும், நாம் வழங்க வேண்டும். பள்ளிவாசல் வக்ஃபு இடங்களில் கடைகள் கட்டி வாடகைக்கு விடும் ஜமாஅத்துகள், இயன்ற இடங்களில் சிறு குடியிருப்புகளையும் கட்டி, எழுத்தாலான ஒப்பந்தத்துடன் நியாய வாடகைக்கு விடுதல் கூடாதா? வீட்டிற்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபு முதுமொழி. நல்ல அண்டை வீட்டாரும் நேர்மையான ஒப்பந்தமும் வாய்ப்பின் வாடகை வீட்டுச் சுவரிலும் ஒரு தாய் அச்சமின்றி ஆணி அடிக்கலாம். அன்று துச்சிலும் புக்கிலாகும்.