விருந்து இரவும் ஒற்றைப் பெட்டியும்



கோடை விடுமுறை நெருங்கும்போது பிள்ளைகளை மதரஸாவுக்கு அழைத்துவரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் சில ஆண்டுகளாகப் புதிய ஒன்று சேர்ந்திருக்கிறது. "ஹழ்ரத், சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பலில் நான்கு நாள் சுற்றுலா. அதில் ஓர் இரவு எல்லாரும் கோட்டும் சூட்டுமாகத்தான் சாப்பிட வரவேண்டுமாமே, என்ன செய்வது?" முதலில் உணவு ஹலாலா என்று கேட்கிறார்கள், அடுத்து உடையைப் பற்றி, கடைசியில்தான் தொழுகையைப் பற்றி. இந்த வரிசை மாறியிருந்தால் நான் கூடுதலாக மகிழ்ந்திருப்பேன். எனினும் கேள்வி நியாயமானது. அதற்கு இருவகை விடைகள் உலவுகின்றன. அது நம் உடையே அல்ல, அந்த இரவில் அறையைப் பூட்டிக்கொண்டு இருங்கள் என்பது ஒன்று. ஆளுக்கு இரண்டு சூட்டும் பெண்களுக்கு மூன்று பட்டுப்புடவையும் எடுத்து வையுங்கள், ஊரார் முன் குறைந்துபோகக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த பழைய கப்பல்களில் முதல் வகுப்புப் பயணிகள் இரவு உணவுக்கு உடை மாற்றிக்கொண்டு வருவார்கள். அது மதச் சடங்கன்று, அந்நாட்டுச் செல்வர் வீடுகளின் பழக்கம் கப்பலேறியது, அவ்வளவே. அந்தப் பழைய நாள்களிலேயே பயணத்தின் முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் விலக்கு இருந்தது. முதல் இரவில் பெட்டிகள் பிரிக்கப்பட்டிரா, கடைசி இரவில் கட்டப்பட்டுவிட்டிருக்கும் என்பதே காரணம். குனார்ட் நிறுவனம் இன்றும் அவ்வழக்கத்தை ஓரளவு கண்டிப்போடு பேணுகிறது. நார்வீஜியன் நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலேயே அதைத் தளர்த்திவிட்டது. செலிப்ரிட்டி 2015 இல் 'ஃபார்மல்' என்ற சொல்லையே விட்டுவிட்டு, நேர்த்தியான உடை போதும் என்றது. நம்மவர் பெரும்பாலும் செல்லும் சிறு பயணங்களில் அப்படி ஓர் இரவுதான் வரும், ஏழு இரவுப் பயணமென்றால் பொதுவாக இரண்டு. உடுத்த விருப்பமில்லாதவர் பொது உணவுக்கூடத்தில் வழக்கம்போல் உண்ணலாம், யாரும் தடுப்பதில்லை. ஆகவே கட்டாயம் என்று எண்ணிக் கடன் வாங்கித் தைப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். முகீரா பின் ஷுஅபா (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை ஹதீஸ் பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறோம். தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஒளூச் செய்ய வந்தார்கள். அப்போது அவர்கள் அணிந்திருந்தது ஷாம் நாட்டு ஜுப்பா. அதன் கை குறுகலாயிருந்ததால் மேலே சுருட்ட இயலவில்லை. எனவே கைகளை ஜுப்பாவின் உட்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். ஷாம் அக்காலத்தில் ரோமர் ஆட்சியில் இருந்த நாடு. அந்நாட்டு ஆடையைப் பயணத்தில் அணிந்ததில் நபியவர்கள் குறை காணவில்லை. இமாம் புகாரி (ரஹ்) உடைகளைப் பற்றிய தமது பகுதியில் பயணத்தில் குறுகிய கையுள்ள ஜுப்பா அணிவதற்கென்றே ஒரு தலைப்பு இட்டிருக்கிறார். பிறநாட்டு வெட்டில் தைத்த உடை என்பதற்காக மட்டும் ஒன்று ஹராமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பிற மதத்தாரின் வழிபாட்டு அடையாளமாக இருப்பதே நமக்கு விலக்கப்பட்டது. கோட்டு இன்று எந்த மதத்தின் அடையாளமும் அன்று. கழுத்துப்பட்டையைச் சிலுவையின் மிச்சம் என்று மேடைகளில் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு எவரும் சரியான ஆதாரம் காட்டி நான் கண்டதில்லை. அதைத் தவிர்ப்பது பேணுதல் என்று நம் பெரியோர் சிலர் கருதுவதை மதிக்கிறேன். ஆனால் அணிந்தவரைப் பார்த்து ஈமானை எடைபோடுவது வேறு செயல்.

மற்றொரு நிகழ்ச்சி உமர் (ரலி) அவர்களுடையது. பள்ளிவாசல் வாயிலில் பட்டு ஆடை ஒன்று விற்பனைக்கு வந்தபோது, ஜும்ஆவுக்கும் தூதுக் குழுவினர் வரும்போதும் அணிந்துகொள்ள அதை வாங்கலாமே என்று நபியவர்களிடம் கூறினார்கள். நபியவர்கள் மறுத்தது அது பட்டு என்பதால். விருந்தினர் முன் நல்லுடை அணியலாம் என்ற எண்ணத்தை அவர்கள் மறுக்கவில்லை என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அவைக்கு ஏற்ற உடை என்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமான கருத்தன்று. ஜும்ஆவுக்கும் இரு பெருநாளுக்கும் நாம் செய்வது அதுதானே.

பட்டு என்ற சொல் வந்துவிட்டதால் இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனெனில் விருந்து இரவின் உண்மையான சிக்கல் இதில்தான் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் நல்ல டைகளில் பல அசல் பட்டு. 'போ' எனப்படும் சிறு முடிச்சுப் பட்டையும் அப்படியே. டக்ஸீடோ எனும் கறுப்புக் கோட்டின் மார்பு மடிப்பில் பளபளக்கும் துணி விலை உயர்ந்தவற்றில் பட்டாகவும், வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பாலியஸ்டராகவும் இருக்கும். சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயரன்று. ஆகவே பளபளப்பைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு சீட்டைப் படித்துப் பாருங்கள். ஆண்களுக்கு நான்கு விரல் அகலம்வரை பட்டு அனுமதி என்பது ஹதீஸில் வந்திருக்கிறது. அது ஆடையின் கரைக்கும் ஒட்டுக்கும் உரியது. முழுவதும் பட்டாலான டையை அதில் அடக்குவதை நான் ஏற்கமாட்டேன். தங்கக் கைப்பொத்தானும் ஆண்களுக்கு ஆகாது. வெள்ளியையும் தவிர்த்துவிட்டு, சாதாரணச் சட்டைப் பொத்தானோடு போவதே எளிது.

ஆனால் என் தனிப்பட்ட விருப்பம் கோட்டே வேண்டாம் என்பதுதான். அதை ஹராம் என்று கருதி இப்படிச் சொல்லவில்லை. அதைவிட எளியது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பல கப்பல் நிறுவனங்கள் அவரவர் நாட்டின் சிறப்பு உடையை விருந்து உடையாகவே ஏற்கின்றன. மலாய் மக்கள் பாஜு மலாயுவும் சோங்கோக் தொப்பியுமாகத் தலைநிமிர்ந்து வருகிறார்கள். ஆப்பிரிக்கர்கள் தரைதொடும் அங்கியில் வருகிறார்கள். நம்மவர் மட்டும் ஏன் மூன்று மணி நேரத்துக்காக இரவல் கோட்டில் வியர்க்க வேண்டும்? பெருநாளுக்குத் தைத்த வெள்ளை ஜுப்பாவும் தொப்பியும், அல்லது முழங்கால்வரை நீண்ட ஒரு ஷெர்வானியும் போதும். பதிவு செய்யும்போதே நிறுவனத்திடம் ஒரு வரி எழுதிக் கேட்டு உறுதி செய்துகொண்டால் வாசலில் தயங்க வேண்டியிராது.

என்னிடம் ஓதும் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் தனியாக வந்து கேட்டான்: "உஸ்தாத், அங்கே ஜுப்பா போட்டால் எல்லாரும் பார்ப்பாங்களா?" பார்ப்பார்கள் என்றேன். ஊரில் அதே ஜுப்பாவை அணிந்து வெள்ளிதோறும் முன்வரிசைக்கு ஓடுபவன் அவன். அவனை அப்படிக் கேட்க வைத்தது எது என்று நான் பல நாள் எண்ணினேன். தந்தை தமக்கும் மகனுக்கும் ஒரே மாதிரிச் சூட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். நம் உடை வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டுமே, நாலு பேர் கூடும் இடத்துக்கு உதவாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அச்சிறுவன் புரிந்துகொண்டான். பெட்டியின் எடையைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

பெண்களுக்குப் பட்டும் தங்கமும் ஆகும். எனினும் ஒரு கனத்த பட்டுப்புடவை ஏறக்குறைய ஒரு கிலோ. அதற்கேற்ற பாவாடை, ரவிக்கை, நகைப்பெட்டி, தனிச் செருப்பு என்று வாலாக நீளும். மடிப்புக் கலைந்தால் தேய்க்கவும் வழியில்லை. சுருங்காத துணியில் தைத்த ஒரு கறுப்பு அபாயா இருந்தால், மேலே அணியும் முக்காட்டை மட்டும் மாற்றி இரண்டு இரவுகளையும் கழிக்கலாம். முக்காடுகள் மூன்று எடுத்தாலும் ஒரு கையளவுதான். மேல்தளத்தில் காற்று பலமாக வீசும் என்பதால் உள்தொப்பியும் ஊசிகளும் மறவாதீர்கள். குதிகால் உயர்ந்த காலணி அசையும் கப்பலுக்கு ஒவ்வாது. இதைச் சொல்ல நான் தகுதியானவன்தானா என்று என் வீட்டாரிடம் கேட்டேன். சரிதான் என்றார்கள்.

கப்பலின் சாதாரண அறை 15 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் நால்வர் படுத்தெழுந்து, தொழவும் வேண்டும். பெரிய பெட்டிகள் மூன்று இருந்தால் முசல்லா விரிக்க இடமிராது. இஸ்திரிப் பெட்டி கொண்டுவருவதைத் தீ அபாயம் கருதிப் பெரும்பாலான கப்பல்களில் தடுத்திருக்கிறார்கள், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆடையைச் சுருட்டி வைத்து, போனதும் குளியலறையில் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்தால் ஆவியில் சுருக்கம் பெரிதும் நீங்கிவிடும். எடையில் முதலிடம் காலணிக்குத்தான். ஆண்களுக்கு அணிந்து செல்வது ஒரு ஜோடி, பையில் ஒரு ரப்பர் செருப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

காலணியோடு சேர்த்து ஒரு யோசனை. முகீரா (ரலி) அவர்களின் அதே அறிவிப்பில், நபியவர்களின் தோல் காலுறையைக் கழற்ற அவர்கள் குனிந்தபோது, விட்டுவிடுமாறு சொல்லி நபியவர்கள் அதன்மீதே மஸ்ஹு செய்தார்கள் என்றும் வருகிறது. பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு இந்தச் சலுகை உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் இதில் கருத்து வேறுபாடில்லை. முழு ஒளூவோடு குஃப்பை அணிந்து, அதன்மேல் காலணி போட்டுக்கொண்டால், விருந்துக்கூடத்தின் கழிவறையில் கைகழுவும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துப் பிறரை முகம் சுளிக்கச் செய்ய வேண்டியதில்லை. இருநூறு கிராம் எடையுள்ள இந்தச் சலுகையை நம்மவர் மறந்தே போனார்கள்.

உணவு நேரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால் பிந்தியதைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் மஃரிப் ஏறக்குறைய ஏழு மணிக்கு. முந்திய பந்தியில் அமர்ந்தால் பாதி உணவில் எழ வேண்டும். எழாவிட்டால் வக்து நழுவும். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் பயணத்தில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ வழியுண்டு. ஹனஃபிகளுக்கு அந்த வழி இல்லை, ஆதலால் அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கெனத் தனி மேசையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மது பரிமாறப்படும் பந்தியில் அமர்வதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். அறிமுகமில்லாதவரோடு எட்டுப்பேர் மேசையில் அமர்த்தப்பட்டால் அதைத் தவிர்ப்பது கடினம். கப்பல் தலைவர் பயணிகளை வரவேற்கும் நிகழ்ச்சியிலும் மதுக் கிண்ணங்கள் தட்டுகளில் வலம்வரும். அந்த அரைமணி நேரம் மேல்தளத்தில் பிள்ளைகளோடு கடலைப் பார்த்திருக்கலாம், நட்டமில்லை. அன்றிரவு புகைப்படக்காரர்கள் திரையைக் கட்டி ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்திப் படமெடுப்பார்கள், மறுநாள் அதை விலைக்கு விற்பார்கள். வேண்டாம் என்று புன்னகையோடு சொன்னால் விட்டுவிடுகிறார்கள்.

நம் பாட்டனார் தலைமுறைக்குக் கப்பல் புதிதன்று. மரக்கலம் செலுத்தியதால் மரக்காயர் என்ற பெயரையே தாங்கிய சமூகம் நம்முடையது. 1926 இல் கட்டப்பட்ட ரஜூலா ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்தது. தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் இரண்டு கைலி, இரண்டு சட்டை, பெருநாளுக்கென மடித்து வைத்த ஒரு வெள்ளை உடை. அந்தப் பெட்டியோடு பல ஆண்டுகள் அந்நிய நாட்டில் வாழ்ந்து திரும்பினார்கள். நான்கு இரவுக்கு அதைவிட எவ்வளவு கூடுதலாகத் தேவை என்பதை ஒவ்வொரு வீடும் தானே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஏறும் நாளில் துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். எனவே தொழுகைக்குரிய உடை, மெல்லிய முசல்லா, மருந்துகள் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நாளுக்கு முந்திய இரவில், பெட்டிகளைப் பூட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், அவை கரையில்தான் மீண்டும் கைக்குக் கிடைக்கும். பெண்களின் மக்கனாவையும் ஃபஜ்ருக்கு உடுத்த வேண்டிய உடையையும் தனியே எடுத்து வைத்த பிறகு பூட்டைப் போடுங்கள்.