உப்புக் குகைகளில் எரிவாயு: களஞ்சியம் யார் கையில்?

மொண்டெல்லோவிலும் பலெர்மோ நகரிலும் வீட்டுவேலை செய்து குடும்பம் நடத்தும் எம்மவர்கள் 2022ஆம் ஆண்டை எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த ஓகஸ்ட் மாதம் ஐரோப்பியச் சந்தையில் எரிவாயு விலை மெகாவாற் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. மின்கட்டணமும் சேர்ந்து ஏறியது. உக்ரேன் போர்தான் இதற்குக் காரணம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் எரிவாயு எங்கே, யாருடைய பொறுப்பில் சேமிக்கப்பட்டிருந்தது என்பதும் அந்த விலையில் அடங்கியிருந்தது.

அல்ஜீரியாவின் எரிவாயு சிசிலியின் மசாரா டெல் வல்லோவிலும், லிபியாவின் எரிவாயு ஜெலாவிலும் கரையேறுகின்றன. இத்தாலி அதை வற்றிப்போன பழைய எரிவாயு வயல்களில் சேமிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நாட்டின் வடக்கே உள்ளன. ஜேர்மனியோ பெருமளவு எரிவாயுவை உப்புப் பாறையில் குடைந்த குகைகளில் வைத்திருக்கிறது.

இந்தக் குகையை மனிதர் இறங்கித் தோண்டுவதில்லை. ஆழ்கிணறு வழியாக நன்னீரைச் செலுத்தி உப்பைக் கரைக்கிறார்கள். ஒரு கனமீற்றர் உப்பைக் கரைக்கக் குறைந்தது 6 கனமீற்றர் நீர் வேண்டும். வேலை முடியும்போது குகை நிறைய உவர்நீர் நிற்கும். அதை வெளியேற்றுவது எரிவாயுதான். வெளிக்குழாய் வழியே எரிவாயு மேலிருந்து அழுத்த, அடிவரை இறங்கும் உட்குழாய் வழியே உவர்நீர் மேலேறும். 1,000 மீற்றர் ஆழத்தில் உவர்நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 118 பார் அழுத்தம் தரும். எரிவாயு அதை வெல்ல வேண்டும். ஆனால் பாறையைப் பிளக்கும் அளவுக்குப் போகக் கூடாது. குழாயில் உப்புப் படிந்து அடைத்தால் நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும்.

உவர்நீர் போன பின்னும் எரிவாயு முழுவதையும் எடுத்து விற்க முடியாது. உப்புப் பாறை மெல்ல நகர்ந்து குகையைச் சுருக்கும் தன்மையுடையது. அதைத் தாங்க ஒரு பகுதி எரிவாயு எப்போதும் உள்ளேயே இருக்க வேண்டும். கொம்பறையில் கைவைக்காமல் விடும் விதைநெல் போன்றது அது.

வெளியேறும் உவர்நீரைக் கடலில் விடுவதா என்பது இன்னொரு சிக்கல். வட அயர்லாந்தின் லார்ன் கடலேரிக்குக் கீழ் குகைகள் அமைக்கும் திட்டத்தை உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். அதற்கு வழங்கப்பட்ட அனுமதி சட்டவிரோதம் என்று 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தாலிக்கும் பழைய காயம் உண்டு. 1984இல் கலாபிரியாவின் பெல்வெதெரே டி ஸ்பினெல்லோவில், உப்பெடுக்கக் கரைத்த குழி இடிந்து உவர்நீர் விளைநிலங்களில் பாய்ந்தது. சிசிலியின் ரியல்மொந்தே, பெத்ராலியா சுரங்கங்களிலோ உப்பு இன்றும் பாறையாகவே வெட்டப்படுகிறது.

எவ்வளவு பெரிய களஞ்சியம் இருந்தாலும் அதை நிரப்பும் முடிவு யாருடையது என்பதே முக்கியம். ஜேர்மனியின் மிகப்பெரிய களஞ்சியமான ரேடன், ரஷ்யாவின் காஸ்புரொம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 குளிர்காலத்துக்கு முன் அது ஏறக்குறைய வெறுமையாகவே விடப்பட்டது. பாடம் கற்ற ஐரோப்பிய ஒன்றியம், களஞ்சியங்களை 90 வீதம் நிரப்ப வேண்டும் என்று 2022இல் விதித்தது. 2025இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. குறித்த ஒரு நாளில் அந்த அளவை எட்ட வேண்டும் என்று அரசுகள் அவசரமாக வாங்கியபோது விலை ஏறியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் கேள்வி எமது மண்ணுக்கும் உரியது. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் பயன்படாமல் கிடந்தன. 2022 ஜனவரியில் கொழும்பு அவற்றைப் பங்கிட்டது: 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு. சில மாதங்களில் நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டன. வாங்க டொலர் இல்லாதபோது குதம் மட்டும் எதையும் காப்பாற்றாது. ஆனால் டொலர் வரும் நாளில் அந்தக் குதங்களில் எதை, எப்போது, யாருக்காக நிரப்புவது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் திருகோணமலை மக்களுக்கு இடம் உண்டா? லார்ன் மக்கள் நீதிமன்றம் வரை சென்று தம் குரலைப் பதிவு செய்தார்கள். எமது மக்களும் கேட்க வேண்டிய உரிமை அது.