வைத்தியரிடம் செல்லுமுன்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையையோ முன்னைய ஆசிரியர்களின் புலமையையோ பற்றி எழுதுதலே எனக்கு எளிதாயிருந்திருக்கும். அவற்றை என்னினும் மூத்தோர் நன்கு எழுதுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நோய் வந்துற்றவிடத்து எங்கே செல்வது, யாரைக் காண்பது, எவ்வாறு நேரங் குறித்துக்கொள்வது என்பதே அது. தமிழாசிரியனுக்கு இஃது எற்றுக்கு என வினவுவார் உளராயின், அவர் சிறிது பொறுத்து இக்கட்டுரையை இறுதிவரை படிப்பாராக.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். இதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்து வருகின்றேன். எனினும் அந்நான்கனுள் இரண்டு நம் பொறுப்பிலேயே உள்ளன என்பதை, என் இல்லத்தில் இடர் நேர்ந்தபோதுதான் உணர்ந்தேன். மருத்துவனையும் மருந்தையும் நாடு தரலாம்; நோயாளியும் உடனிருப்போனும் நாமே.

2019ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஒரு காலை, என் தந்தையார் நெஞ்சு கனக்கின்றது என்றார். வியர்வை பெருகியது, இடக்கை உளைகின்றது என்றுங் கூறினார். வாய்வு என எண்ணிச் சுடுநீரும் இஞ்சியுங் கொடுத்தோம். சிறிது தணிந்தது போலத் தோன்றவே, கற்றவன் என்னும் செருக்கால் ஒரு முடிபு செய்தேன்: சாதாரண வைத்தியரிடம் செல்வதினும் இருதய நிபுணரிடமே நேராகச் செல்வோம் என்பதே அது. தொலைபேசியில் ஒரு தனியார் வைத்தியசாலையை அழைத்து, மாலை ஆறு மணிக்கு நேரம் பெற்றேன். எங்கள் இலக்கம் 41. நல்லதொரு காரியஞ் செய்துவிட்டதாக எண்ணி, அன்று பாடசாலைக்குஞ் சென்று வந்தேன்.

மாலையில் நிபுணர் வந்து சேர ஏழரை மணியாயிற்று. எட்டு மணியளவில், வரிசையில் அமர்ந்திருந்த தந்தையாரின் முகத்தைக் கண்ட தாதி ஒருவர் விரைந்து வந்து நாடி பார்த்தார். அவ்வளவே, பின்னர் நோயாளர் காவு வண்டியில் அரசினர் வைத்தியசாலைக்குச் சென்றோம். அங்கே இரவுக் கடமையில் இருந்த இளம் வைத்தியர் என்னைக் கண்டதும், “சேர்” என்றார். நம் கல்லூரியிலே என்னிடம் தமிழ் படித்தவர் அவர். வேண்டிய யாவும் செய்து முடித்த பின்னர், தாழ்வாரத்தில் என்னைத் தனியே அழைத்து, “சேர், காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை?” என்று மட்டுங் கேட்டார். விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தொலைவிலே, ஈ.சீ.ஜி. எடுக்கும் வசதியுள்ள அரசினர் வைத்தியசாலை ஒன்று பகலும் இரவும் திறந்திருக்கின்றது. தந்தையார் பிழைத்தார், ஆயின் இருதயத்தின் வலிமையில் ஒரு பகுதி மீளவில்லை. தோட்டத்திலே துலாவும் மண்வெட்டியுமாய் வாழ்ந்தவர் இன்று படலை வரை நடந்து திரும்புகின்றார். அந்தத் தனியார் வைத்தியசாலையை யான் குறைகூறேன். யான் கேட்டதை அது தந்தது. கேட்டதுதான் பிழை.

இப்பிழை என் ஒருவனுக்கே உரியதன்று. நம் நாட்டில் யாரும் எந்த வைத்தியசாலைக்கும் நேரே செல்லலாம். எந்த நிபுணரையும் பணங் கொடுத்துக் காணலாம். ஒரு வைத்தியர் அனுப்பினாலன்றி மற்றொருவரைக் காண இயலாது என்னும் விதி இங்கில்லை. இது பெரியதொரு சுதந்திரம். ஆயினும், எந்த நோய்க்கு எந்த வைத்தியர் என்று முடிவுசெய்யும் பாரத்தை இச்சுதந்திரம் நோயாளியின் தலையிலேயே ஏற்றிவிடுகின்றது. முதுகு நோவுக்குச் சிறுநீரக நிபுணரைத் தேடுவாரும், தலைச்சுற்றுக்கு மூளை நிபுணரைத் தேடுவாரும் உளர். மூவரைக் கண்டு மூன்று கட்டணங் கொடுத்த பின்னர், நான்காமவராகத் தம் ஊர்க் குடும்ப வைத்தியரிடம் வருவாரையும் கண்டிருக்கின்றேன். முதலில் வந்திருக்க வேண்டிய இடம் அதுவே. ஆளை முழுமையாக நோக்கி, இன்ன நிபுணரிடம் செல்க என்று கடிதம் எழுதித் தருவது அவர் பணி.

ஆதலின் மாணவர்க்கு யான் சொல்லும் முதல் வேறுபாடு இது: நேரங் குறித்துக் காணத்தக்க நோய் வேறு, நேரங் குறித்தலே ஆகாத நோய் வேறு. நெஞ்சு கனத்து வியர்த்தல், முகம் ஒருபுறங் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல், மூச்சுத் திணறல், நினைவிழத்தல், பாம்புக்கடி, பெருங் குருதிப்போக்கு ஆகியவற்றுக்கு இலக்கமும் இல்லை, வரிசையும் இல்லை. 1990 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018ஆம் ஆண்டு வடக்கிற்கும் வந்த அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. இருதயக் குழாய் அடைபட்டவிடத்து ஒவ்வொரு நாழிகையும் தசையை அழிக்கின்றது. மூளைக் குழாய் அடைபட்டோர்க்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துள் ஏற்றுதல் வேண்டும். எந்த நிபுணரின் புகழும் இழந்த நேரத்தை மீட்டுத் தராது.

இரண்டாவது, சில நாள் நோய்கள். காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் போல்வனவற்றுக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவோ குடும்ப வைத்தியரோ போதும். மாரிகாலத்திலே நம் பகுதியில் டெங்கு பெருகுவதை யாவரும் அறிவர். காய்ச்சல் மூன்றாம் நாளையும் தொடுமாயின் குருதிப் பரிசோதனை செய்தல் வேண்டும். பரசிற்றமோல் அன்றி அஸ்பிரின், இபுபுறூபன் முதலிய நோவு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குதல் ஆகாது. காய்ச்சல் விட்டது என்று மகிழும் நாளே டெங்குவில் அஞ்சத்தக்க நாளாகவும் அமையலாம். நாய் கடித்தாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, நீண்டநாள் நோய்கள். நீரிழிவும் குருதியழுத்தமும் ஒருமுறை காட்டி மறக்கும் நோய்களல்ல. இவற்றுக்கு வேண்டுவது புகழ்பெற்ற வைத்தியரன்று. மாறாத வைத்தியரும் தவறாத கிளினிக்கும். அரசினர் கிளினிக்கிலே தரும் கொப்பியைப் பலர் வீட்டில் மறந்துவிட்டுச் செல்கின்றனர். அக்கொப்பி நோயின் சரித்திரம்; அதனை விட்டுச் செல்லுதல் பாடப்புத்தகமின்றிப் பரீட்சைக்குப் படித்தலை ஒக்கும். முப்பத்தைந்து வயதைக் கடந்தோர், நோய் தோன்றுமுன்னரே சென்று இரத்தத்திற் சீனியையும் அழுத்தத்தையும் அளந்துகொள்ள, அரச வைத்தியசாலைகளிலே இலவச நிலையங்கள் உள்ளன. பழைய மாணவர் சங்கத்துக் கூட்டங்களுக்கு வருவோரில் எத்தனை பேர் அங்குச் சென்றிருப்பர்?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். வெளிநோயாளர் பிரிவில் நெரிசல். வைத்தியர் இரண்டு நிமிடமே பார்க்கின்றார். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகளும் தட்டுப்பட்டன. வைத்தியர் பலரும் நாட்டை விட்டுச் சென்றனர். ஆதலாற் பணம் உள்ளவன் தனியாரிடம் போகாமல் என் செய்வான் என்பர். இதில் உண்மை உண்டு. தனியாரிடம் செல்வது குற்றமென்று யான் சொல்லவில்லை. ஆயின் 1977ஆம் ஆண்டு முதல் அரச வைத்தியர்கள் கடமை நேரத்தின் பின் தனியாரிடமும் பார்க்க அனுமதிக்கப்பட்டுள்ளனர். எனவே மாலையிற் பணங் கொடுத்துக் காணும் நிபுணரையே, ஒரு கடிதத்துடன் காலைக் கிளினிக்கிற் பணமின்றிக் காணுதல் பெரும்பாலும் கூடும். இதனை அறிந்த பின் தனியாரைத் தெரிவது தெரிவு. அறியாது, கடன்பட்டுத் தெரிவது தெரிவன்று.

நேரங் குறிப்பதற்கும் ஒரு முறையுண்டு. அழைக்கும்போது நோயாளியின் பெயர், வயது ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுக. வைத்தியரின் துறை எது, கட்டணம் மொத்தம் எவ்வளவு, இலக்கம் என்ன, அந்த இலக்கம் எத்தனை மணியளவில் வரும், வைத்தியர் வராவிடிற் பணம் மீளுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்க. அன்று புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை அழைத்து, வைத்தியர் வருகின்றாரா என உறுதிசெய்க. வைத்தியர் என்று பெயர்ப்பலகை தொங்கவிடுவார் யாவரும் வைத்தியரல்லர். ஐயம் உண்டாயின், இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் அவர் பெயர் உளதா என்று பார்த்தல் ஒவ்வொருவர்க்கும் உரிமை. வர இயலாதெனின் முன்னரே அறிவித்துவிடுக. அந்த இடம் மற்றொரு நோயாளிக்கு உதவும்.

இனித் தமிழாசிரியனுக்கு உரிய பகுதிக்கு வருகின்றேன். வைத்தியர் இரண்டு நிமிடமே பார்க்கின்றார் என்கின்றோம். அந்த இரண்டு நிமிடத்தை நாம் எவ்வாறு செலவிடுகின்றோம்? பேரன் வெளிநாடு சென்றதிலிருந்து தொடங்கி நோவுக்கு வருமுன் நேரம் முடிந்துவிடுகின்றது. ஆகவே சில ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பிலே, அதிபருக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதும் பயிற்சியோடு மற்றொரு பயிற்சியும் வைக்கின்றேன். தம் வீட்டு முதியோர் ஒருவருக்காக வைத்தியரிடம் காட்டும் குறிப்பொன்றை அரைப் பக்கத்தில் எழுதுதல் வேண்டும்: என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, எதனாற் கூடுகின்றது, எதனாற் குறைகின்றது, முன்னர் என்ன நோய், இப்போது உண்ணும் மருந்துகள் எவை, சித்த மருந்தும் உண்டா, ஒவ்வாத மருந்து எது. சுருக்கமும் தெளிவும் ஒழுங்கும் வேண்டும் என்று கட்டுரை இலக்கணத்திற் கற்பிப்பன யாவும் இங்கே பயன்படக் காண்கின்றேன். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளிற் றமிழ் நூல்களும் வெளியிட்டார். அன்னிய மொழியாளர் ஒருவர் வைத்தியத்தைத் தமிழிற் சொல்ல முயன்றாராயின், நம் நோயைத் தமிழில் ஒழுங்காகச் சொல்ல நாம் முயலலாகாதா?

இறுதியாக, பழைய மாணவராகிய உங்களிடம் ஒன்று கூறல் வேண்டும். நம் கல்லூரி வைத்தியர் பலரை ஈந்துள்ளது. அதனால் நாம் பெருமிதங் கொள்கின்றோம். அப்பெருமிதம் சிலவேளை தொலைபேசி அழைப்பாக மாறுகின்றது. “நம் பெடியன்தானே, உள்ளே எடுத்துவிடுவான்” என்கின்றோம். யானும் அவ்வாறு அழைத்தவனே. அவ்வாறு நாம் ஓரிலக்கம் முன்னே செல்லும்போது, விடியற்காலை முதற் பேருந்தில் வந்து துண்டு எடுத்த ஒரு தாய் ஓரிலக்கம் பின்னே செல்கின்றாள். அவளுக்கு எந்தக் கல்லூரியிலும் பழைய மாணவன் இல்லை. கல்லூரி நமக்குத் தந்த உறவு அதற்கன்று. சங்கத்தினர் மாதம் ஒருநாள், இருவர் இருவராக, அருகிலுள்ள வைத்தியசாலையின் அனுமதி பெற்று அதன் வாயிலில் நின்று, படிவம் நிரப்பவும் வழிகாட்டவும் மருந்துச் சிட்டையில் உள்ளதை விளக்கவும் உதவுவாராயின், வள்ளுவர் கூறிய நான்காம் கூறு நம்மால் நிறைவுறும்.

அன்றிரவு தாழ்வாரத்தில் என் மாணவர் கேட்ட வினாவுக்கு இன்னும் யான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை. இதனைப் படித்த ஒருவராவது, நெஞ்சு கனக்கும் காலை வேளையில் மாலை இலக்கத்துக்குக் காத்திராது புறப்படுவாராயின், அது போதும்.